புதுப்பிப்பு: ஸ்டீல் பம்பர் மாட்டியபின் அணையாத ஏர்பேக் விளக்கு – தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: முன்பக்கம் ஸ்டீல் பம்பர் மாட்டியதிலிருந்து ஏர்பேக் விளக்கு அணையவில்லை. சென்சார் கெட்டுவிட்டதா, பம்பரே ஒத்துவராததா?

இரண்டும் இல்லை. "புது சென்சார் வாங்குமுன் கனெக்டரைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. சாதாரண ஓபிடி ரீடரில் (வண்டியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) எதுவும் வரவில்லை. ஏர்பேக்கை இயக்கும் கணினியான மாட்யூலைப் படிக்கும் ஸ்கேனரில்தான் இடது முன் மோதல் சென்சாருக்கான பிழைக் கோட் தெரிந்தது.

இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, 10 நிமிடம் விட்டபின்தான் கை வைத்தேன். மாட்யூலில் மின்சாரம் தேங்கியிருக்கும், அவசரம் வேண்டாம். அந்த சென்சாரின் மஞ்சள் கனெக்டர் உள்ளே போயிருந்தது, ஆனால் அதன் பூட்டுத் துண்டு ஒரு நகக்கண் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அழுத்தியதும் 'டிக்' என்று உட்கார்ந்தது. பிழைக் கோட்-ஐ அழித்தேன், திரும்ப வரவில்லை.

எதிர்பாராத ஒன்று: புது பிராக்கெட் இடித்ததால் சென்சாரைத் தாங்கும் தகடு லேசாகத் திரும்பியிருந்தது. இதற்குக் கோட் வராது, விளக்கும் எரியாது. ஆனால் சென்சார் உணர்வது முன்பின் வேகக்குறைவை. திசை மாறினால் கணக்கே தப்பும். தகட்டை மாற்றி, அம்புக்குறி நேர் முன்னே பார்க்க, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவில் முடுக்கினேன்.

பம்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவே நசுங்கும் பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது போனால் மோதலின் அதிர்வு மாறி, ஏர்பேக் விரியும் நேரமும் மாறும். அந்த வண்டிக்கென்றே ஏர்பேக்கோடு சோதித்த பம்பராகப் பார்த்து வாங்குங்கள்.