ஒக்கிக்கு நாம கோவப்பட்டது புயல் மேலயா, ஆட்சியில இருந்தவங்க மேலயா?

கரைமடி:
2017 ஒக்கி புயலுக்கு அரசாங்கத்த திட்டறது நியாயமே இல்ல, இயற்கை சீற்றத்துக்கு யார் என்ன பண்ண முடியும்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார். படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம். நீரோடியிலேர்ந்து இரயுமன்துறை வரைக்கும் எட்டு ஊரும் ஒட்டி ஒட்டி இருக்கும், எங்க ஆளுங்க ஆழ்கடல்ல தங்கித் தொழில் பண்றவங்க, சுறா தேடி லட்சத்தீவு தாண்டியும் போவாங்க, போனா பத்து நாளும் ஆகும் ஒரு மாசமும் ஆகும். நவம்பர் 30 காலையில அதுக்கு ஒக்கின்னு பேர் வைக்கும்போது அவங்க கரைய விட்டுப் போயி எத்தனையோ நாள் ஆச்சு. கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்ற எச்சரிக்கை ஏற்கனவே கடல்ல இருக்கவனுக்கு எதுக்கு?

வானம்பார்த்தவன்:
எழுதினது நான்தான். உங்க இழப்ப நான் சின்னதா நினைக்கல அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா அந்தப் புயல் வலுத்த வேகத்தப் பாருங்க. 29ஆம் தேதி காற்றழுத்த தாழ்வு மண்டலம், 30 விடியக்காலை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அன்னிக்கு காலையிலயே புயல். கன்னியாகுமரிக்கு தெக்க 60 கிலோமீட்டர் தூரத்துலயே இருந்துச்சு. ஒரு நாள்ல இவ்ளோ மாறினா எந்த முதல்வர் நாற்காலியில இருந்தாலும் என்ன பண்ணியிருப்பார்? 29லயே மீனவங்க போக வேணாம்னு சொல்லியாச்சு. தப்பு யார் மேலன்னு தேடறப்ப நாம கோவத்துல ஒரு முகத்த பிடிச்சுக்கறோம், அவ்ளோதான்.

கரைமடி:
புயல் வேகமா வந்துச்சு, ஒத்துக்கறேன். அதுக்காக நாங்க யாரையும் திட்டல. அடுத்த நாலஞ்சு நாள் என்ன நடந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. டிசம்பர் 1ஆம் தேதி எங்க ஊர் கோயில் மண்டபத்துல ஒரு நீள கோடு போட்ட நோட்டு வெச்சு, பாதர் பக்கத்துல உக்காந்து, பொம்பளைங்க வரிசையா நின்னு பேர் சொல்லிட்டு இருந்தாங்க. ஆள் பேர், போட்டு (படகு) பேர், கூட போனவங்க, கடைசியா எந்தத் தேதி போன்ல பேசினது. மூணாவது நாள் ஒரு அதிகாரி வந்தார், எத்தனை பேர் கடல்ல இருக்காங்கன்னு எங்ககிட்டயே கேட்டார். நோட்ட போட்டோ எடுத்துட்டுப் போனார். மறுநாள் டிவியில ஒரு எண்ணிக்கை சொன்னாங்க, அது எங்க நோட்டுல இருந்ததுல பாதி கூட இல்ல. யார் கடல்ல இருக்காங்கன்னே தெரியாதவங்க எங்க போய் தேடுவாங்க சொல்லுங்க? என் கோவம் அதுதான்.

தோவாளைக்காரி:
நான் கடலோரம் இல்ல, உள்நாடு. எங்க பக்கம் வாழை மொத்தமும் சாஞ்சு, ரப்பர் மரம் முறிஞ்சு, கரண்ட் கம்பம் வரிசையா ரோட்டுல கிடந்துச்சு, நாள் கணக்கா இருட்டுல இருந்தோம். அதெல்லாம் கூட பொறுத்துக்கிட்டோம். ஆனா டிவியப் போட்டா (பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் புண்ணியத்துல ஒரு மணி நேரம்) முழுக்க ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். இந்த மாவட்டம் தமிழ்நாட்டுலதான் இருக்கான்னு எங்கம்மா கேட்டாங்க. முதல்வரா இருந்த எடப்பாடி பழனிசாமி தூத்தூருக்கு வந்தது டிசம்பர் 12. பிரதமர் வந்தது 19. நீங்களே நாள எண்ணிக்கோங்க.

பழையபைல்:
அரசு வேலையில 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். வருவாய்த்துறையில இருந்த அனுபவத்துல பேசறேன். தலைவர் வரலைன்னு சொல்றது எனக்கு ஏத்துக்க முடியல. ஒரு விஐபி வந்தா அன்னிக்கு பாதி அலுவலகம் அந்த வேலையிலதான் நிக்கும், ரோடு சுத்தம் பண்ணணும், பந்தோபஸ்து, ஹெலிகாப்டர் இறங்க இடம். பாதுகாப்பு அமைச்சரா இருந்த நிர்மலா சீதாராமன் டிசம்பர் முதல் வாரத்துலயே வந்து பேசினாங்களே. கம்பத்த நட்ட மின்வாரிய ஆளுங்க வெளி மாவட்டத்துலேர்ந்து வந்து ரோட்டோரம் படுத்து வேலை பார்த்தாங்க, அவங்களையும் சேர்த்து அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலன்னு சொன்னா மனசு வலிக்குது.

கரைமடி:
ஐயா, கம்பம் நட்டவர எவனும் திட்டல, அவருக்கு நாங்க சோறு போட்டோம். டிசம்பர் 7 குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்குல உக்காந்தோமே, ராத்திரி வரைக்கும் ரயில் ஓடல, அன்னிக்கு எல்லார் வாயிலயும் இருந்தது முதல்வர் வரணும்ங்கறதுதான். வந்து எங்க தோள்ல கை போடணும்னா கேட்டோம்? இல்ல. எங்க ஆளுங்க நூறு கடல் மைலுக்கு அப்பால இருக்காங்க, தேடற கப்பல் அங்க வரைக்கும் போகணும், கூட எங்க ஆளயும் ஏத்திக்கணும், எந்த ஆழத்துல எந்த நீரோட்டத்துல போட்டு எந்தப் பக்கம் போகும்னு அவனுக்குத்தான் தெரியும். இத டெல்லிகிட்ட அடிச்சுப் பேச ஒரு தாசில்தாரால முடியுமா? முதல்வர் பேசினாத்தான் நடக்கும். புயல் போன முதல் மூணு நாள் கவுந்த போட்ட பிடிச்சுக்கிட்டு உயிரோட மிதந்தவங்க இருந்தாங்க, அப்படி மீண்டு வந்தவங்க சொன்னதுதான் இது. பன்னெண்டாவது நாள் வந்து 20 லட்சம் அறிவிச்சா அது நிவாரணம், மீட்பு கிடையாது.

சேட்டிலைட்சிவா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். இன்னொரு சிக்கல் இருக்கு. தூத்தூர் போட்டு நிறைய கேரளாவுல பதிவு பண்ணினது, ஆள் தமிழ்நாடு. டிசம்பர் 2ஆம் தேதி மகாராஷ்டிரா முதல்வர் பட்னாவிஸ், 68 போட்டுல 952 பேர் சிந்துதுர்க் கரைக்கு பத்திரமா வந்துட்டாங்கன்னு சொன்னார், அதுல 66 போட்டு கேரளா, 2 தமிழ்நாடுன்னு வந்துச்சு. பதிவு எண்ண வெச்சு சொன்னா அப்படித்தான் வரும். அந்த 66ல எங்கப்பா இருக்காரான்னு தெரியாம ஒரு வீடு எத்தனை மணி நேரம் துடிச்சிருக்கும்? ரெண்டு மாநில அரசும் ஒரே மேசையில உக்காந்து ஒரே பட்டியல் போட்டிருந்தா போதும். இதுக்கு ராக்கெட் விஞ்ஞானம் வேணாம்.

வானம்பார்த்தவன்:
சரி, எண்ணிக்கை விஷயத்துல நீங்க சொல்றது சரி, நான் புயலோட வேகத்த மட்டும் பார்த்துட்டேன். ஆனா ஒண்ணு, பாடம் படிக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. மறுவருஷம் நவம்பர் 16 கஜா புயல் வந்தப்ப முன்னாடியே 80 ஆயிரம் பேர் வரைக்கும் முகாமுக்கு கொண்டு போனாங்க, எதிர்க்கட்சித் தலைவரா இருந்த ஸ்டாலினே பாராட்டினார்.

தோவாளைக்காரி:
அதே கஜாவுக்கு அப்புறம் டெல்டாவுல ரோட்ட மறிச்சு அமைச்சர் கார நிறுத்தினாங்களே, அதையும் சொல்லுங்க. வர்றதுக்கு முன்னாடி செஞ்சத பாராட்டலாம். தென்ன மொத்தமும் சாஞ்சு குடிக்க தண்ணி இல்லாம ஜனம் நின்னப்ப யார் வந்தாங்க? ஒடிசாவுல 1999 புயல்ல பத்தாயிரம் பேர் செத்தாங்க, 2013 பைலின் புயல்ல லட்சக்கணக்கான பேர வெளியேத்தி சாவ சில பத்துக்கு கொண்டு வந்தாங்க. அங்கயும் அதே கடல்தான்.

பழையபைல்:
ஒடிசா கரையில இருக்கவங்கள வெளியேத்தினது. கடல்ல இருக்கவங்கள எப்படிம்மா வெளியேத்தறது? அதுக்கு கருவி வேணும். ஒக்கிக்கு அப்புறம்தான் கடல்ல இருக்கவங்களுக்கு செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கை அனுப்பற இஸ்ரோவோட நாவிக் கருவி வந்துச்சு, இப்ப ரெண்டு பக்கமும் தகவல் போற டிரான்ஸ்பாண்டர் மாட்டறாங்க.

கரைமடி:
ஐயா, வயர்லெஸ் கொஞ்ச தூரத்துக்கு மேல எட்டாது, எங்களுக்கு சேட்டிலைட் போன் வேணும்னு ஒக்கிக்கு முன்னாடி எத்தனை மனு குடுத்திருக்கோம்னு நீங்க இருந்த ஆபீஸ் மாதிரி ஒரு ஆபீஸ்லதான் கட்டு கட்டா இருக்கும். எங்க மாமா போட்டுல வயர்லெஸ் மட்டும்தான். காணாமப் போனவர் ஏழு வருஷம் ஆனாத்தான் செத்ததா கணக்குங்கற விதிய தளர்த்தினாங்க, அத்தைக்கு பணம் வந்துச்சு, அத நான் மறைக்கல. ஆனா அந்தத் தாள்ல கையெழுத்து போடச் சொன்னப்ப அத்தை கேட்டது ஒண்ணுதான், "தேடினாங்களாப்பா?"

பழையபைல்:
தம்பி, அந்த நோட்டு இன்னும் இருக்கா?

கரைமடி:
கோயில் அலமாரியில இருக்கு ஐயா. மாமா பேரு மூணாவது பக்கம். கடைசியா பேசின தேதி நவம்பர் 21.