பெரிய வீட்டுக் குழு: ஜாக்கெட்டும் ஈயமும்

(கீழக்கரை, செவ்வாய் இரவு)

ஜமால்: அஸ்ஸலாமு அலைக்கும். இம்ரான் கேட்ட பிசிடி பாக்க கடைக்கு வந்துட்டேன். இன்னும் ஒரு மணி நேரத்துல பூட்டிருவான். எனக்கு வியாழக்கிழமை ஃப்ளைட். சீக்கிரம் சொல்லுங்க

நூருல்: வ அலைக்கும் ஸலாம். பிசிடின்னா என்ன

இம்ரான்: கடல்ல முங்குறப்ப போடுற, காத்து ரொப்புற ஜாக்கெட் உம்மா. முதுகுல டேங்க் மாட்டுறது

ருகையா: ஜமாலு, பேரீச்சை 10 கிலோ மறந்துராத. கல்யாண வீட்டுக்கு

ஜமால்: லாத்தா, 30 கிலோ தான் லக்கேஜ். பேரீச்சையா ஜாக்கெட்டா

ருகையா: ரெண்டும்

ஜமால்: புதுசு ஒன்னு 1,900 திர்ஹம். கீழ இறங்கக் கட்டுற ஈயம் வைக்கப் பாக்கெட் இருக்கு. பழசு ஒன்னு, என் ரூம் பையனோட கூட்டாளியோடது, 600. ரெண்டு வருஷம் ஓடுனது, என் ரூம்ல தான் கெடக்கு. புதுசு எடுத்தா 12 கிலோ ஈயம் சேத்துத் தாறேங்குறான் கடைக்காரன்

அஸ்லம்: ஈயத்தை அங்கேருந்து தூக்கிட்டு வராத ஜமால். மொதல்ல அதச் சொல்லிக்கிறேன்

அஸ்லம்: இம்ரான், போன வாரம் எத்தனை கிலோ கட்டி இறங்குன

இம்ரான்: 10 மாமா

அஸ்லம்: உன் எடை

இம்ரான்: 62. முங்குற ரப்பர் உடுப்பு, வெட்சூட், 3 மில்லி

அஸ்லம்: யாரு கட்டச் சொன்னது

இம்ரான்: கூட வந்த சீனியர். எல்லாருக்கும் பத்து தான். கம்மியாக் கட்டுனா கீழ போகாதுன்னாரு

நூருல்: போன வாரம் என்ன ஆச்சு. எங்கிட்ட ஒன்னும் சொல்லலையே

இம்ரான்: ஒன்னும் ஆகல உம்மா

ஹமீது: ஆச்சு. இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வந்தான். நான் தான் தைலம் தேச்சு விட்டேன்

நூருல்: வாப்பாவும் மகனும் சேந்து மறைச்சிருக்கீக

இம்ரான்: மண்டபத்துக்குத் தெக்க, 7 மீட்டர் ஆழம். குதிச்சதும் கல்லு மாதிரி போயி மணல்ல நின்னுட்டேன். ஜாக்கெட்ல காத்து அடிச்சா மேல தூக்குது, விட்டா திரும்ப மணல்ல. மத்தவங்க 50 நிமிஷம் இருந்தாங்க, எனக்கு 28 நிமிஷத்துல டேங்க் காத்தழுத்தம் 200லேருந்து 50 பாருக்கு வந்துருச்சு. கால்ல மாட்டுற ஃபின் பட்டு ஒரு கிளைப் பவளம் ஒடிஞ்சிருச்சு மாமா. சுண்டுவிரல் நீளம். ஒடிஞ்ச எடம் வெள்ளையா இருந்துச்சு. ராத்திரி தூக்கமே வரல

அஸ்லம்: அது உன்னோட குத்தம் இல்லடா, அந்த 10 கிலோவோட குத்தம். கேளு. ஈயம் கூடுனா அத ஈடுகட்ட ஜாக்கெட்ல காத்து கூட அடிக்கணும். அந்தக் காத்து ஒரே அளவுல நிக்காது. 10 மீட்டர்ல இருக்கது மேல வர்றப்ப ரெண்டு மடங்கா விரியும். நீ கொஞ்சம் மேல வந்தா அது இன்னும் விரிஞ்சு உன்னை இன்னும் தூக்கும். அதான் ஊஞ்சல் ஆடிருக்க. ஈயம் இடுப்புல, காத்து நெஞ்சுப் பக்கம், அதனால கால் தொங்கி மணலக் கிளப்புது. அந்தச் சுமைய நீந்தியே சுமந்தா மூச்சு வாங்காம என்ன செய்யும்? டேங்க் காலியாகத் தான செய்யும்

இம்ரான்: ட்ரெய்னிங்ல நீச்சல் குளத்துல 4 கிலோ போதும்னாங்க

அஸ்லம்: குளத்துல சரி. கடத்தண்ணி ரெண்டரை சதவீதம் கனம் கூட. நீயும் சாமானும் சேந்து 85 கிலோன்னு வச்சுக்க, 2 கிலோ கூடக் கட்டணும். 6. அங்கேருந்து ஆரம்பி. பத்துக்குக் கணக்கே இல்ல

ருகையா: கல்யாணத்துக்குத் தொதல் இனிப்பு எத்தனை கிலோ சொல்லணும். நாளைக்குக் காலைல தேங்காய் வாங்கியாகணும்

ஜமால்: 20

நூருல்: காணாது. மாப்பிள்ளை வீட்டுக்கே 10 போயிரும்

அஸ்லம்: இன்னும் முடிக்கல நான். டேங்க்ல இருக்க காத்துக்கும் எடை இருக்கு. உங்க 11 லிட்டர் அலுமினிய டேங்க்ல 200 பார் காத்து ரெண்டரை கிலோவுக்கு மேல. 50 பாருக்கு வர்றப்ப 2 கிலோ கொறஞ்சிருக்கும். அதனால ஈயம் சரியான்னு டைவ் முடியுற நேரம் பாக்கணும். மூச்சு இழுக்குற ரெகுலேட்டர் வாயில இருக்கட்டும். மேல மட்டத்துல ஜாக்கெட் காத்த முழுக்க விட்டுட்டு, காலை ஆட்டாம செங்குத்தா நில்லு. சாதாரண மூச்சு இழுத்துப் பிடிச்சா தண்ணி உன் கண்ணு மட்டத்துல நிக்கணும். மூச்ச விட்டா மெதுவா இறங்கணும். மூச்ச விடாமலே இறங்குனா ஈயம் கூட. முழு டேங்க்ல பாக்குறதா இருந்தா அதுக்கு மேல 2 கிலோ சேத்துக்க

இம்ரான்: அரை கிலோ கட்டி எங்க கிடைக்கும். இங்க எல்லாம் ரெண்டு கிலோ கட்டி

ஹமீது: நான் வாத்துத் தாறேன். வலைக்கு வாக்குற ஈயம் தான. அரை அரை கிலோவா 6, ஒரு கிலோவா 4

அஸ்லம்: ரொம்ப நல்லது மச்சான். வெளிய காத்தாட வச்சு வாருங்க. அச்சுல ஈரம் இருந்தா தெறிச்சுரும்

ஹமீது: முப்பது வருஷமா வாக்குறேன்

அஸ்லம்: தெரியும் மச்சான். மனசு கேக்கல

நூருல்: உம்மா பக்கத்துல இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டு எழுதச் சொல்றாக. “உங்க வாப்பா தூத்துக்குடிக்கு முத்துக் குளிக்கப் போனப்ப, 1961ல, கயித்துல கல்லைக் கட்டி அது மேல கால வச்சு இறங்குவாக. தரை தட்டுனதும் கல்லை விட்டுருவாக. மேல இருக்கவன் அத இழுத்துக்குவான். கனத்தோட எவனும் மேல வரமாட்டான். இந்தப் புள்ளை இடுப்புல கட்டிக்கிட்டே வருதாம்ல”

அஸ்லம்: மாமி சொல்றது தான் பாடம். இம்ரான், பெல்ட் பக்கிள் ஒரே கையால ஒரே இழுப்புல அவுக்குற மாதிரி இருக்கணும். பெல்ட் வேற எந்த வாருக்கும் அடியில மாட்டக் கூடாது. கண்ண மூடிக்கிட்டு பத்து தடவ அவுத்துப் பழகு, வீட்லயே. மேல வந்த பிறகும் மெதக்க முடியலைன்னா ஈயத்தை விட்டுரு. காசு போனாப் போகுது

ஹமீது: கயிறு பிடிக்கிறவன் மச்சானா இருக்கணும்பாக அந்தக் காலத்துல. தங்கச்சி கருகமணிக்காகவாவது கயித்த விடமாட்டான்னு. எனக்கு வாச்ச மச்சான் வள்ளத்த வித்துட்டு ஃப்ளைட் ஏறிட்டான்

ஜமால்: மச்சான் அது 2009. கடன்ல ஓடுன வள்ளம். உங்க மகனுக்குத் தான் இப்ப கடையில நிக்கிறேன்

நூருல்: ரெண்டு பேரும் அத விடுங்க

ஜமால்: காக்கா, புதுசா பழசா

அஸ்லம்: பழசுல தப்பே இல்ல, காத்து பிடிச்சா. ரெகுலேட்டர்ல காசு மிச்சம் பிடிக்கக் கூடாது, ஜாக்கெட்ல பிடிக்கலாம். ரூமுக்குப் போயி வாயால ஊதி இறுக்கமா ரொப்பி ராத்திரி முழுக்க வை. காலைல தொஞ்சிருந்தா வேணாம். காத்து அடிக்கிற இன்ஃப்ளேட்டர் பட்டனை அமுக்கி விடு, உடனே எழும்பி வரணும். உப்பு பிடிச்சுப் பட்டன் மாட்டிக்கிட்டா காத்து ஏறிக்கிட்டே இருக்கும், ஆளைத் தூக்கிரும். காத்த வெளிய விடுற டம்ப் வால்வு கயிறு ஒவ்வொன்னையும் இழுத்துப் பாரு. ஹோஸ் ரெண்டு முனையிலயும் வெடிப்பு இருக்கான்னு வளைச்சுப் பாரு. லேபிள்ல நியூட்டன்னு ஒரு நம்பர் இருக்கும், 150 இருந்தா 15 கிலோவத் தூக்கும். நம்ம கடலுக்கும் ஒத்த டேங்குக்கும் அது போதும்

ஜமால்: புதுசுல 220 போட்டிருக்கு

அஸ்லம்: அவனுக்கு எதுக்கு. பெரிய பை, பெரிய இழுவை

இம்ரான்: சைஸ் மீடியமா மாமா?

ஜமால்: பழசு மீடியம் தான்

அஸ்லம்: முழுக்க ரொப்புனா நெஞ்ச நெரிக்கக் கூடாது. உன்னை விட ஒரு சுத்து பெருத்தவன் ஜமால், அவனுக்குச் சரியா இருந்தா உனக்குத் தொளதொளக்கும். வந்து போட்டுப் பாத்துட்டுத் தான் காசு குடுக்கணும்

ருகையா: 25 கிலோன்னு சொல்லிரவா தொதல

ஜமால்: ரூமுக்கு வந்துட்டேன். ஆட்டிப் பாத்தேன் காக்கா. உள்ள மணல் மாதிரி சரசரங்குது

அஸ்லம்: உப்பு. கழுவாம வச்சிருக்கான். குழா வழியா வெதுவெதுப்பா நல்ல தண்ணி ரொப்பி, கொஞ்ச நேரம் வச்சு, தலைகீழாப் பிடிச்சு ஊத்து. மூணு தடவ. அதுக்கப்புறம் ஊதி வை

நூருல்: சனிக்கிழமை கடலுக்குப் போறான்ல. அதுக்குள்ள எப்படி

அஸ்லம்: சனிக்கிழமை அவங்க ஜாக்கெட்லயே போகட்டும். ஈயம் மட்டும் நம்மளோடது. 6 கட்டிக்க, மச்சான் வாத்த அரை கிலோ கட்டி ரெண்டு வள்ளத்துல இருக்கட்டும். சீனியர்ட்ட மரியாதையாச் சொல்லு, செக் பண்ணிட்டு இறங்குறேன்னு. ஒத்துக்கலைன்னா எனக்குப் போன் போடு

இம்ரான்: சரி மாமா

ஹமீது: சனிக்கிழமை நானும் வள்ளத்துல வர்றேன்

இம்ரான்: வாப்பா அவங்க விடமாட்டாங்க

ஹமீது: கேட்டுப் பாரு

ஜமால்: ஊதி வச்சுட்டேன். விடியக்காலைல பாத்துச் சொல்றேன். பேரீச்சை 5 கிலோ தான் லாத்தா