தெரிந்த மாடு, தெரிந்த மழை: கண்டர்ஸ்டெக் மலை முகாமில் பிள்ளைகளுடன்

சாரணர் பிள்ளைகளை வெளிநாட்டு மலை முகாமுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடம் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி, "அங்கே ஆபத்து ஒன்றும் இல்லையே, டீச்சர்?" என்பதுதான். கேட்கும்போது அவர்கள் மனத்தில் இருப்பவை கிடுகிடு பள்ளமும் கயிற்றில் தொங்கும் பாறையேற்றமும். கோலாலம்பூரிலிருந்து சுவிட்சர்லாந்தின் கண்டர்ஸ்டெக்குக்குப் பிள்ளைகளோடு போய்வந்தவள் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது வேறு. கயிற்றையும் பாறையையும் கண்டால் பிள்ளைகள் தாமாகவே பயந்து, சொன்னபடி கேட்டு நடக்கிறார்கள். ஊரில் பார்த்துப் பழகிய மாடு, மழை, இடி, ஆற்றுநீர் இவற்றிடம்தான் சிறிதும் தயங்காமல் போய் நிற்கிறார்கள். துணைக்குப் போகிறவர் கண்ணை வைக்க வேண்டிய இடம் அதுவே.

கண்டர்ஸ்டெக் பெர்ன் மாநிலத்து ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். 1913-இல் திறக்கப்பட்ட லோட்ச்பெர்க் ரயில் சுரங்கப்பாதையின் வேலைக்காகக் கட்டப்பட்ட பெரிய மரவீடு, 1923-இல் அனைத்துலகச் சாரணர் மையமாயிற்று. இன்றும் கோடையில் பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே கூடாரமடிக்கிறார்கள். இளஞ்சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய தொண்டூழியர்கள் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்குவார்கள். ஆனால் அவர்களுக்கு நம் பிள்ளைகளின் வளர்ப்பு தெரியாது; அந்த இடைவெளியை நிரப்பத்தான் நாம் கூடப் போகிறோம்.

உயரத்திலிருந்தே தொடங்குகிறேன். ஊருக்கு மேலேயுள்ள ஓஷினென் ஏரி 1,578 மீட்டரில் இருக்கிறது என்று சொன்னதும், கெந்திங் மலை அதைவிட உயரமாயிற்றே என்று ஒரு பையன் சிரித்தான். கணக்கு சரிதான். ஆனால் கெந்திங்கில் அந்த உயரத்துக்கு நம்மைக் கார் தூக்கிச் செல்கிறது, மேலே கூரையும் கடைத்தொகுதியும் சூடான மைலோவும் காத்திருக்கின்றன. பத்துமலையில் காவடியோடு 272 படி ஏறியவன் அவன். ஏறுவதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. சரளைக்கல் பாதையில் மணிக்கணக்காக இறங்கும்போதுதான் முழங்கால் பேசத் தொடங்கியது. அதனால் புறப்படுவதற்கு முன்பு புக்கிட் காசிங் குன்று போன்ற இடங்களில் பயிற்சி நடக்கும்போது, இறக்கத்தில் பிள்ளைகளை ஓடவிடாமல் நிதானமாக இறங்கச் செய்வது நல்லது.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். கோடையில் மாடுகளை மலைப்புல்வெளிக்கு ஓட்டிவிடுவது அங்கே வழக்கம். நடைபாதை பல இடங்களில் அந்த மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகிறது. பால் கறப்பதற்கான பசுக்களைத் தவிர, கன்றைக் கூடவே வைத்து வளர்க்கும் தாய்ப்பசுக்களும் உண்டு. அவை மனிதரை முட்டிக் காயப்படுத்திய நிகழ்ச்சிகள் உண்டென்பதால் அத்தகைய நிலத்தின் வாயிலில் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். பலகையை எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். பிறகு கழுத்துமணி அசைய ஒரு கன்று பாதையோரம் வந்து நின்றதும், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வரிசையை விட்டு விலகி நேரே அதனிடம் போனாள். அவள் வீட்டில் புதுமனை புகுவிழாவுக்குப் பசுவைக் கொண்டுவந்து பூசை செய்திருக்கிறார்கள். அவள் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் மாடு வளர்த்தவர். பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவே கையை நீட்டினாள். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த தாய், மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கியது. பின்னர் அந்தத் தலை மெல்லத் தாழ்ந்தது, முன்னங்கால் மண்ணைக் கிளறியது. தாழ்ந்த தலையும் கிளறும் காலும் சீறலும் தாக்குதலுக்கு முன் வரும் அறிகுறிகள் என்று தொண்டூழியர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

நான் கத்தவில்லை, கத்தினால் மாடும் மிரளும், பிள்ளையும் ஓடும். அவள் பெயரைச் சொல்லி, "கையை எடும்மா, அதுக்கு முதுகைக் காட்டாம அப்படியே பின்னாலேயே வா" என்றேன். மற்றவர்களை மேட்டுப்பக்கமாக ஒதுங்கச் சொல்லி, தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் எவரும் வராதபடி அகலமாகச் சுற்றி நடந்தோம். மாடு சில எட்டுகள் பின்தொடர்ந்துவிட்டு நின்றுவிட்டது. அன்று மாலை அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது: "பசு எப்படி டீச்சர் முட்டும்?" தெய்வமாகக் கும்பிட்டாலும் பிள்ளை பெற்ற தாய் தாய்தான் என்றேன். வேறொரு பையன் வேலிக்கம்பியைப் பிடித்து அதில் மின்சாரம் ஓடுகிறதா என்று சோதித்துப் பார்த்தான். அவனுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பினாங்கிலிருந்து கோயில் இளைஞர்களை நீலகிரிக்கு அழைத்துச் சென்ற என் தோழி இதைக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் காட்டெருமை தாராளமாக வந்துபோகும். அவளுடைய பிள்ளைகளில் இருவர் அதை எருமை என்றே நினைத்து, படமெடுத்துக்கொள்ள அருகில் போயிருக்கிறார்கள். அது நம் நாட்டுக் காடுகளில் அரிதாகிவிட்ட செலாடாங் இனமே. நல்ல ஆண் விலங்கு ஏறத்தாழ ஒரு டன் எடை வரும். தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அம்மாக்கள் அதட்டித் துரத்தியதால் பிள்ளைகள் தப்பினார்கள். தமிழ் பேசும் ஊர் என்பதால் அவர்களுக்கு அங்கே எல்லாமே சொந்த வீடு போலத் தோன்றிவிட்டது என்பது தோழியின் கணிப்பு.

மழை விஷயத்தில் எனக்கு மாட்டைவிடக் கவலை அதிகம். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடியும் மழையும் நமக்குச் சாப்பாடு மாதிரி. கடைவரிசையின் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைவழியில், பத்து நிமிடம் ஒதுங்கிவிட்டு, ஈரச் சட்டையோடே வீடு போய்ச் சேருகிற பிள்ளைகளுக்கு, நனைவது ஓர் ஆபத்து என்பதே மனத்தில் ஏறுவதில்லை. ஆல்ப்ஸிலும் கோடைப் பிற்பகலில்தான் இடிமழை வருகிறது, ஆனால் ஒதுங்க அஞ்சடி கிடையாது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரிக்கு மேல் குறையும். 2,500 மீட்டருக்கு மேலே ஜூலையிலும் பனி விழுவதுண்டு. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்து காற்றும் அடித்தால் உடல்சூடு வேகமாக இறங்கிவிடும். நடுங்குகிற பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது. நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, கால் தடுமாறி, கேட்டால் தலையாட்டிக்கொண்டு ஒன்றுமில்லை என்று சிரிக்கிற பிள்ளைதான் உண்மையான அவசரம். எங்கள் கூட்டத்தில் அந்த நிலை வராததற்குக் காரணம், விமானம் ஏறுவதற்கு முன்பே ஜீன்ஸைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைக்கச் செய்ததுதான். பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை.

இடிக்காக நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது: விடிந்ததும் பசியாறிவிட்டுப் புறப்படுவது, மதியத்துக்குச் சற்றுப் பின் மலைமுகட்டைவிட்டு இறங்கிவிடுவது, உறுமல் கேட்டால் படமெடுக்க நிற்காமல் தாழ்வான இடத்துக்குப் போவது, தனி மரத்தடியில் ஒதுங்காமல் இருப்பது. பாதைக்குறிகளையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தோம். மஞ்சள் சாதாரண நடைபாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை தேர்ந்த மலையேறிகளுக்கு உரியது, அதில் நாங்கள் கால் வைக்கவே இல்லை. ஓஷினென் ஏரிப் பக்கம் பாறைச்சரிவு அபாயத்தால் மூடப்பட்ட பாதைகளும் உண்டு. தடுப்பைத் தாண்டி நாலு அடி போய் நின்று படமெடுத்தால் என்ன என்று கேட்ட பெரிய பையன்களுக்கு அந்தச் சரியும் மலையையே விரல்நீட்டிக் காட்டினேன்.

ஆற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் உலு லங்காட் ஆற்றில் குதிப்பதுபோல் பனியுருகிய ஓடையில் குதித்தால் முதல் நொடியிலேயே மூச்சுத் திணறும். காலையில் கணுக்காலளவு ஓடுகிற நீர் வெயில் ஏறியதும் உயர்ந்துவிடும். கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று களிம்பு பூச மறுத்தவர்களுக்கு உதடும் மூக்கும் உரிந்தன. ஜூலையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், ஏழரைக்கே இருட்டிப் பழகிய பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் அனுப்புவது தனிப் போராட்டம். அம்மா கட்டிக்கொடுத்த கோழிச் செருண்டிங்கை (உலர வறுத்த இறைச்சித் துருவலை)ப் பற்றி ஒரே வரி: ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோக அந்நாட்டுச் சுங்கம் அனுமதிப்பதில்லை.

பெற்றோரும் பிள்ளைகளைப் போலத்தான். வீட்டில் தெரிந்து பழகிய நோய் அவர்களுக்கு நோயாகவே படுவதில்லை. உடல்நலப் படிவத்தில் இளைப்பு (ஆஸ்துமா) நோய்க்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருந்த ஒரு தாயிடம் பிறகு விசாரித்தபோது, இரண்டு வருடமாக வரவில்லையே என்றார். குளிர்ந்த வறண்ட காற்றில் மேட்டில் ஏறும்போது அது திரும்ப வரக்கூடும். சொன்னால் பிள்ளையைக் கழித்துவிடுவார்களோ என்ற பயமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆகவே, உண்டா இல்லையா என்று கேட்கும் படிவத்தோடு நான் நிறுத்துவதில்லை. சிறு வயதிலிருந்து உறிஞ்சு மருந்து (இன்ஹேலர்) எப்போதாவது வாங்கியதுண்டா, மருத்துவமனையில் தங்கியதுண்டா, தூக்கத்தில் நடப்பதுண்டா என்று பெற்றோரைத் தனித்தனியே உட்காரவைத்துப் பேசுகிறேன். பெண் பிள்ளைகளிடம் மாதவிடாய் பற்றித் தாயில்லாத நேரத்தில் ஓர் ஆசிரியை பேசிவிட வேண்டும். மலையில் நடுவழியில் கேட்டால் எவளும் வாய் திறக்கமாட்டாள்.

காப்புறுதி வாங்கும்போது ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் மலையேற்றத்தை விலக்கியிருக்கலாம். ரேகா என்ற வான்மீட்புச் சேவையின் எண் 1414. அதை ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசியிலும் நாங்கள் பதிந்துவைத்தோம். உறிஞ்சு மருந்து ஆசிரியரின் பையில் இருக்கக் கூடாது. வரிசையின் முன்னால் ஆசிரியரும் பின்னால் பிள்ளையும் நடக்கும்போது நடுவே அரை கிலோமீட்டர் விழுந்துவிடுகிறது. மருந்து பிள்ளையின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், இன்னொன்று வரிசையின் கடைசியில் வரும் பெரியவரிடம் இருக்கட்டும்.