மருத்துவம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடத் துணையும் வழிகாட்டலும்: எப்படித் தொடங்குவது?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்ற பிள்ளைகள் சிலர் ஈப்போவிலும் கெடாவிலும் வெவ்வேறு ஆண்டுகளில் பயின்று வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதல் தலைமுறையினர். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியிலும் அதன்பின் மலாய் வழி இடைநிலைப்பள்ளியிலும் படித்துவிட்டு, உடற்கூற்றியலையும் உயிர்வேதியியலையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார்கள். இடம் கிடைத்த அன்று கோயிலில் மாலை அணிவித்து வாழ்த்தினோம். ஆனால் படிப்பு ஐந்து ஆண்டுகள் நீள்கிறது. வார இறுதியில் மண்டபத்தின் பின்னறையைத் தருவதாகக் கோயில் நிர்வாகத்தினர் சொல்லியிருக்கிறார்கள். நான் கணிதம் கற்பித்தவன். மருத்துவப் பாடம் அறியேன். பாடம் சொல்லித்தர ஆள் தேடுவதா, வழிகாட்ட மூத்தவர்களைத் தேடுவதா, அல்லது இரண்டையும் ஒருவரிடமே ஒப்படைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: பயிற்சி மருத்துவர், பினாங்கு

வணக்கம் ஐயா. நான் பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். முதல் இரண்டு ஆண்டுகளில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தவர் என்னைவிட ஓராண்டு மூத்த அக்கா ஒருவர்தான். பெரிய நிபுணரைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பாடத்தை அண்மையில்தான் கடந்துவந்தவருக்கு அதில் எந்த இடம் புரியாது என்பது நினைவிருக்கும். இருபது ஆண்டுகள் அதிலேயே ஊறியவருக்கு அது மறந்திருக்கும்.

அந்த அக்கா விரிவுரை நடத்தியதே இல்லை. தோள்பகுதியின் நரம்புப் பின்னலான பிராக்கியல் பிளெக்சஸை, கழுத்தின் ஐந்தாம் நரம்பு வேர் முதல் மார்பின் முதல் நரம்பு வேர் வரை, புத்தகத்தைப் பார்க்காமல் வெள்ளைப் பலகையில் வரையச் சொல்வார். வரைந்து முடித்ததும், மேற்கை எலும்பின் நடுப்பகுதி முறிந்தவருக்கு மணிக்கட்டு ஏன் தொங்கிவிடுகிறது என்று கேட்பார். மணிக்கட்டைத் தூக்கும் தசைகளை இயக்கும் ரேடியல் நரம்பு அந்த எலும்பை ஒட்டிச் செல்கிறது என்பதை நானே சொல்லும்வரை காத்திருப்பார். புரியவில்லையென்றால் தமிழில் விளக்குவார். ஆனால் இறுதியில் அதை ஆங்கிலத்தில் நான் திருப்பிச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாய்மொழித் தேர்வு ஆங்கிலத்தில்தான். என் மனக்கவலைகளையும் அவரிடமே சொல்லிக்கொண்டேன் என்பதால், இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

பதில் 2: ஒரு மாணவியின் தாய், தஞ்சோங் ரம்புத்தான்

ஆசிரியர் ஐயாவின் நல்லெண்ணத்திற்கு நன்றி. என் மகள் இரண்டாம் ஆண்டைத் திரும்பப் படித்தவள். அந்த ஆண்டு முழுவதும் அவள் திருவிழாவுக்கும் வரவில்லை, உறவினர் திருமணத்திற்கும் வரவில்லை; "எப்போது டாக்டர் ஆவாய்?" என்று அன்போடு கேட்டவர்களுக்குக்கூட அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நம் ஊர்களில் ஒரு வீட்டுச் செய்தி மாலைக்குள் நான்கு வரிசை வீடுகளுக்கும் போய்விடும். ஆகவே பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்ற பேச்சே எழக்கூடாது. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் வந்து அமர்ந்தால்தான் தவறியவரும் தயங்காமல் வருவார். இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: வழிகாட்டியிடம் பிள்ளை சொல்வது எதுவும் பெற்றோராகிய எங்கள் காதுக்கு வரக்கூடாது. எனக்கு அது வருத்தம்தான். ஆயினும் எங்களுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சினால் அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

பதில் 3: உடலியங்கியல் விரிவுரையாளர்

மேலே அம்மா எழுதியதை முழுமனத்தோடு வழிமொழிகிறேன்; பயிற்சி மருத்துவரின் கடைசிக் கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பாடம் சொல்லித்தருபவர் வாரந்தோறும் கேள்வி கேட்டு, தவறைத் திருத்தி, மாணவரின் நிலையை எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார். தூக்கம் வரவில்லை, இப்படிப்பே எனக்கு வேண்டாமோ என்று தோன்றுகிறது, அறை வாடகைக்குப் பணமில்லை என்பவற்றை அவரிடமே சொல்வது பலருக்கு இயலாது. உங்களுக்கு அந்த அக்கா அமைந்தது நற்பேறு. ஆனால் அதை நம்பி ஓர் ஏற்பாட்டை அமைக்க முடியாது. வழிகாட்டி வேறொருவராக, மாணவரே தேர்ந்தெடுத்தவராக, அவர் படிக்கும் கல்லூரியில் மதிப்பெண் போடாதவராக இருக்கட்டும். மனச்சோர்வு கடுமையாகத் தெரிந்தால் அறிவுரை சொல்லிக்கொண்டிராமல் கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ உடன் அழைத்துச் செல்வதே வழிகாட்டியின் கடமை.

வெள்ளைப் பலகை முறைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்திய இரவில் குறிப்பேட்டைப் புரட்டுவது ஏன் பலருக்கு நிறைவளித்தும் பின்னர் கைவிடுகிறது என்பதை இது விளக்குகிறது.

ஐயா, உங்களுக்கு மருத்துவம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டுக்கு மேற்பட்டவர்களுக்கு வேண்டியவர் நீங்கள்தான். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் அறிமுகப்படுத்திய ஓஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வில், மாணவர்கள் நிலையம் நிலையமாக நகர்ந்து, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களுக்குள் நோயாளியிடம் விவரம் கேட்டோ உடலைப் பரிசோதித்தோ காட்ட வேண்டும். பின்னறையில் ஒருவர் மாணவர், ஒருவர் மதிப்பீட்டுத் தாளுடன் தேர்வாளர், நீங்களோ ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவரோ நோயாளி. நெஞ்சு அடைக்கிறது, இடது கை மரத்துப் போகிறது என்று நீங்கள் தமிழிலோ மலாயிலோ சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, கேட்டதை வரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் தேர்வாளருக்கு எடுத்துரைக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. மருத்துவம் தெரிந்த நண்பர் நோயாளியாக நடித்தால், தம்மை அறியாமலேயே நோயின் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை மாலையில் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் பொதுவாகவே அழைப்பு விடுக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இளையவர்களுக்குப் பலகையில் துணைநிற்கட்டும். வழிகாட்டிகளின் பெயர்களை மாணவர்களிடம் மட்டும் தனித்தனியே தருகிறேன். யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நானும் கேட்கப்போவதில்லை. நோயாளியாக அமர என் பழைய அண்டை வீட்டார் இருவர் இப்போதே இசைந்துவிட்டார்கள். பினாங்கு மகளே, காணொளி வழியாக ஒரு மாணவருக்கேனும் நீங்கள் வழிகாட்டியாக இருக்க இயலுமா?

பதில் 4: பயிற்சி மருத்துவர், பினாங்கு

விரிவுரையாளர் சொன்ன வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறும்போது என் பணிநேரமும் மாறும் என்பதால், கிழமையை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இயலாது. ஒருவரை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். அவர் குறுஞ்செய்தி அனுப்பினால் பணி முடிந்த அன்றிரவே அழைப்பேன்.