38 வீதம் என்றார்கள்: உதரவிதான ஓட்டையும் ஸ்கேன் கணக்கும்

கல்லடித் தாய்:
ஆறாம் மாதம் மட்டக்களப்பில் ஸ்கேன் பார்த்த டொக்டர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதே வயிறு கலங்கியது. பிள்ளையின் இரைப்பை நெஞ்சுக்குள் கிடந்தது. இதயம் வலப்புறம் தள்ளுண்டிருந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் இடப்பக்கம் ஓட்டை. சுமார் 3000 பிறப்புக்கு ஒன்றாம். கிரகணத்தன்று நான் கிணற்றடிக்குப் போனதுதான் காரணம் என்றார் மாமி. உதரவிதானம் மூடவேண்டியது மூன்றாம் மாதத்துக்குள். கிரகணம் வந்தது ஐந்தாம் மாதத்தில். அவரிடம் வாதாடத் தெம்பில்லை.

கொழும்பில் அளந்தார்கள். இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும் குறுக்குவெட்டில், ஓட்டைக்கு எதிர்ப்பக்க நுரையீரலின் பரப்பைத் தலைச் சுற்றளவால் வகுக்கிறார்கள். அதே வாரத்துச் சாதாரணப் பிள்ளைக்கு வரவேண்டிய எண்ணோடு அதை ஒப்பிட்டு வீதமாகச் சொல்கிறார்கள். 25க்குக் கீழே போனால் கடுமை. எங்களுக்கு 38; ஈரலும் மேலே ஏறவில்லை.

"அப்படியென்றால் பிழைக்க 38 வீத வாய்ப்பா?" என்று கணவர் கேட்டார். "இல்லை. நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்கான கணக்கு இது" என்றார் டொக்டர். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு இரண்டு இரவு அழுதிருந்தோம். 36ஆம் வாரம் இரவு ரயிலேறி வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கி, கொழும்பிலேயே பெற்றேன்.

கல்முனை வாப்பா:
தங்கச்சி, எங்களுக்கு 21. ஈரலும் மேலே. வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளையின் மூச்சுக்குழலில் பலூன் வைக்கும் சிகிச்சையைப் பற்றி வாசித்தேன். 2021இல் வெளியான ஆய்வில், இடப்பக்கக் கடுமையான பிள்ளைகளில் பலூன் வைத்தவர்களில் 40 வீதமும் வைக்காதவர்களில் 15 வீதமும் பிழைத்து வீடு போயிருந்தார்கள். குறைமாதப் பிரசவம் கூடும் என்றும் இருந்தது. வெளிநாடு போக எங்களுக்கு வழியில்லை. மகள் 19 மணி நேரம் இருந்தாள். அளந்த டொக்டர் முன்பே உள்ளதைச் சொல்லியிருந்தபடியால், அந்த 19 மணி நேரமும் நாங்கள் இருவரும் அவள் பக்கத்திலேயே இருந்தோம்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது, வாழைச்சேனை:
ஸ்கேனில் பிடிபடாத ஒன்றையும் கண்டிருக்கிறேன். பிள்ளை நீலம் பாரித்திருந்தது; வயிறு மட்டும் ஒட்டிக் குழிந்து கிடந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு முகமூடி வைத்துக் காற்று அழுத்தக்கூடாது. இரைப்பையும் குடலும் ஊதி நுரையீரலை இன்னும் நெரித்துவிடும். நேரே மூச்சுக்குழாயில் குழாய் போடவேண்டும். முன்பே தெரிந்தால் அதற்கான ஆட்கள் தயாராக நிற்பார்கள். மகள், ஆபரேஷன் எப்போது நடந்தது?

கல்லடித் தாய்:
பிறந்த அன்றே செய்வார்கள் என்று நினைத்திருந்தேன், அக்கா. நுரையீரல் இரத்த அழுத்தம் இறங்கும்வரை பொறுத்து ஐந்தாம் நாள்தான் செய்தார்கள். இப்போது நான்கு வயது. அடிக்கடி எதுக்களிக்கும், அதற்கு மட்டும் இன்னும் கிளினிக் போகிறோம். கிரகணக் கதையை மாமி விடவில்லை.