பரிசல் பயணம், ஆற்றோரம் ராத்தங்கல்: ஒகேனக்கல், நாகமரை பக்கம் கொசுவுக்கு என்ன வழி?

தர்மபுரியிலிருந்து கேள்வி:
மாசிக் கடைசியில் நாலு பேர் கிளம்புறோம். பகல்ல ஒகேனக்கல்ல பரிசல். ராத்திரி நாகமரைப் பக்கம் ஒருத்தரோட பட்டா நிலத்துல டென்ட், அவரும் சரின்னுட்டார். காட்டுக்குள்ள தங்கற எண்ணமே இல்லை. கொசுவுக்கு ஓடோமாஸும் ரெண்டு பாக்கெட் கொசுவத்தியும் போதுமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாகமரை:
கொசுவத்தியை அப்புறம் பேசலாம் தம்பி. டென்ட்டை எங்க அடிக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. மேட்டூர் அணைத் தண்ணி பின்வாங்குற கரை இங்க தட்டையான சேறு. மாடு மிதிச்ச குளம்புக் குழி ஒவ்வொண்ணுலயும் நாலு விரல் தண்ணி நிக்கும். அதுல மீனும் இருக்காது, ஓட்டமும் இருக்காது. வெயில் பட்டு இதமா சூடா வேற இருக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால தண்ணி ஏறிக்கிட்டு இருக்கறப்ப கரையில கொசு அவ்வளவா தெரியாது. மளமளன்னு இறங்கி ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் ஆனதும் பாருங்க, அப்பதான் படை கிளம்பும். கிளம்பறதுக்கு முன்னாடி நிலத்துக்காரருக்குப் போன் பண்ணி "தண்ணி எப்ப இறங்குச்சு?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

போய்ச் சேர்ந்ததும் வெள்ளை டம்ளர் ஒண்ணை எடுத்துக் குழித் தண்ணியை மொண்டு பாருங்க. புழு தண்ணி மட்டத்தோட படுத்த வாக்குல மிதந்தா அது அனாபிலஸ், மலேரியா பரப்புற ஜாதி. தலைகீழா தொங்கினா கியூலெக்ஸோ, டெங்கு பரப்புற ஏடிஸோ. வளர்ந்த கொசுவிலயும் அடையாளம் உண்டு. அனாபிலஸ் உட்கார்ந்தா வால் பக்கம் மேல தூக்கி, உடம்பு சாய்ஞ்சு நிக்கும். மத்ததெல்லாம் சுவருக்கு இணையா உட்காரும்.

மொண்ட குழியில புழு இருந்தா இருநூறு முந்நூறு மீட்டராவது தள்ளி, மேட்டுப் பக்கம் போங்க. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுத்தியே திரியும், அதுக்கு இந்தத் தூரம் போதும். அனாபிலஸுக்கு இது ஒரு தூரமே இல்லை, கிலோமீட்டர் கணக்குல வரும். அதுக்கு வலை ஒண்ணுதான் வழி.

இன்னொண்ணு, மாட்டுப்பட்டி பக்கத்துல டென்ட் அடிக்காதீங்க. நம்ம கிராமத்து மலேரியாவுக்குக் காரணமான அனாபிலஸ் கியூலிசிஃபேசிஸ் மனுஷனை விட மாட்டைத்தான் அதிகம் தேடும், பகல்ல கொட்டகையிலயே தங்கிக்கும். "மாடு பக்கத்துல இருந்தா அதைக் கடிச்சுட்டு நம்மளை விட்டுடும்"னு ஒரு கணக்கு ஊர்ல சொல்வாங்க. பட்டியைத் தேடி வர்ற கூட்டத்துல ஒரு பங்கு உங்க பக்கமும் திரும்பும், அவ்வளவுதான்.

ஊட்டமலை:
அண்ணன் சொன்னது தேங்கு தண்ணிக் கதை. ஒகேனக்கல் பாறைப் பக்கம் வேற மாதிரிங்க. இங்க பாறை முழுக்கக் குழி. வெள்ளம் வடிஞ்ச பிறகும், ஒரு மழை பேஞ்ச பிறகும் அதுல தண்ணி நின்னுடும். அந்தப் பாறைக்குழியிலயே குடித்தனம் நடத்துற ஒரு ஜாதி இருக்கு, ஏடிஸ் விட்டேட்டஸ். முதுகுல சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். பகல்லயே கடிக்கும், சாயந்திரம் ஆக ஆக இன்னும் மூர்க்கம். சாப்பாட்டுக்குப் பரிசலை ஒதுக்கி, நிழல் பார்த்துப் பாறை இடுக்குல உட்கார்றவங்க கணுக்காலைச் சொறியறது இதனாலதான். கொசுன்னா ராத்திரிச் சமாச்சாரம்னு நினைச்சு கிரீமைப் பைக்கு அடியில வெச்சுடுவாங்க. காலையில வெயில் ஏறுற நேரமும் மூணரைக்கு மேலயும் கணுக்கால், பின்னங்கழுத்து, காது மடல்ல கிரீம் இருக்கணும்.

உட்கார்ற இடத்துல ரெண்டு மூணு குழிதான் இருக்குன்னா மணலை அள்ளி விளிம்பு வரைக்கும் நிரப்பிடலாம். புழு மேல வந்து மூச்சு விட முடியாது. கழிவு ஆயில் ஊத்தற வேலை மட்டும் வேண்டாம். அடுத்த தண்ணி வந்தா அது நேரா ஆத்துக்குத்தான் போகும்.

பரிசல் விஷயம் யாரும் சொல்லலை. ராத்திரி கவுத்து வெச்ச பரிசலுக்கு அடியில இருட்டு, ஈரம், காத்து கிடையாது. விடியறப்ப கொசு அதுக்குள்ள போய் ஒட்டிக்கும். காலையில ஆர்வத்துல ஒரே தூக்கா தூக்கினா முகத்துல அடிக்கும். துடுப்பால முதுகுல நாலு தட்டு தட்டி, காத்து வர்ற பக்கம் நின்னுக்கிட்டு, எதிர்ப்பக்க விளிம்பை ஒரு முழம் தூக்கி ரெண்டு நிமிஷம் விடுங்க. கிளம்பிப் போயிடும். அதுக்காகப் பரிசலை நிமிர்த்தியும் வெக்கக் கூடாது. பிளாஸ்டிக் மடிப்புல நிக்கிற மழைத்தண்ணியே ஒரு வாரத்துல ஏடிஸ் பண்ணையாயிடும்.

காத்து நல்லா வருதுன்னு ஆத்து நடுவுல இருக்கற மணல்திட்டுல படுக்கற யோசனை யாருக்காவது வரும். கொசு குறைவுதான், உண்மை. ஆனா மேல கபினியிலயோ கேஆர்எஸ்லயோ திறந்துவிட்ட தண்ணி ராத்திரியில வந்து சேர்ந்தா எந்தப் பக்கமும் போக முடியாது. கரையோரத்துலயும் தண்ணியை ஒட்டிப் படுக்காதீங்க. முதலை உள்ள ஆறு இது.

பென்னாகரம்:
எங்க பக்கம் புகைதாங்க. சாணி வறட்டி ரெண்டை நல்லாத் தணலாக்கி, மேல பச்சை நொச்சித் தழை ரெண்டு கைப்பிடி, வேப்பந்தழை ஒரு கைப்பிடி. சுள்ளியைப் போட்டா தீயா எரிஞ்சு பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், புகை வராது. தணல்தான் சூட்சுமம். காத்து வர்ற பக்கமா ஏழெட்டு அடி தள்ளி வெச்சா புகை தரையோட தவழ்ந்து கால் பக்கம் வரும். அரை மணிக்கு ஒரு தடவை தழை போடணும். பழைய அலுமினியச் சட்டியில வெச்சா காத்து மாறும்போது சட்டியை நகர்த்திக்கலாம்.

தேன்கனிக்கோட்டை:
புகை சரிதான், ஆனா மூணு விஷயம் சேர்த்துச் சொல்லணும் சார். முதலாவது, தலைக்கு மேல பாறையையும் பெரிய மரத்தையும் பார்க்காம புகை போடக் கூடாது. ஆத்தோரப் பாறைகள்ல மலைத்தேனீ ராட்டு கட்டும். அடியில புகை போனா மொத்தக் கூட்டமும் இறங்கும், அதுக்கப்புறம் கொசுவெல்லாம் ஞாபகத்துலயே இருக்காது. ராத்திரியில வெளிச்சத்துக்கும் அது வரும், ராட்டு மேல டார்ச் அடிக்காதீங்க.

ரெண்டாவது, காடு. காவிரி வடக்கு சரணாலயம் 2014லயும் தெற்கு சரணாலயம் 2022லயும் அறிவிச்சாச்சு. அஞ்செட்டி, பிலிகுண்டுலு, ஒகேனக்கல் பக்கத்து ஆத்தோரம் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ளயோ காப்புக்காட்டுலயோ வரும். அனுமதி இல்லாம தங்கறதும் தீ மூட்டறதும் குத்தம். மாசி பங்குனியில மூங்கில் சருகு காய்ஞ்சு கிடக்கும், ஒரு பொறி போதும். யானை தண்ணிக்கு வர்ற தடமும் அதுதான். நீங்க பட்டா நிலத்துல தங்கறது நல்ல முடிவு. அங்கயும் சட்டியைச் சுத்தி நாலடிக்குச் சருகைக் கூட்டி எடுத்துட்டு, படுக்கும்போது தண்ணி ஊத்தி, தொட்டுப் பார்த்து அணைங்க.

மூணாவது, காத்து. புகை வேலை செய்யறது காத்து மெல்லமா இருக்கறப்ப மட்டும்தான். காத்து பலமா இருந்தா புகையும் நிக்காது, ஆனா கொசுவும் பறக்காது. ஆடிக் காத்துல கரையில உட்கார்ந்தா ஒண்ணும் தேவைப்படாததுக்கு அதுதான் காரணம். மாசிச் சாயங்காலம் காத்து செத்துப் போகும். அப்ப பவர் பேங்க்ல ஓடற சின்ன ஃபேன் ஒண்ணை முழங்கால் உயரத்துக்குக் கீழ, காலைப் பார்த்து வெச்சுடுங்க. கொசு பறக்கறதுல சோப்ளாங்கி. நம்ம மூச்சுக்காத்தையும் வேர்வை வாசத்தையும் ஃபேன் கலைச்சும் விட்டுடும். நாலு பேர் சமைச்சுச் சாப்பிட்டு முடிக்கற ரெண்டு மணி நேரத்துக்குப் புகையை விட இதுவே மேல்னு நான் சொல்வேன்.

காவேரிப்பட்டணம்:
கிரீம், துணி, டென்ட் பத்தி.

கிரீம்ல பேரைப் பார்க்காதீங்க, பின்னாடி எழுதியிருக்கற மருந்தையும் சதவீதத்தையும் பாருங்க. டீட் 20 முதல் 30 சதவீதம்னா வேர்வை குறைவா இருந்தா நாலஞ்சு மணி நேரம் தாங்கும். துடுப்புப் போட்டு வேர்க்கறப்பவும், தண்ணியில கை நனையறப்பவும் அதுல பாதி நேரம்தான். பத்து சதவீதம் மாதிரி லேசான கிரீம் தப்பில்லை, அடிக்கடி தடவணும். அளவு ரொம்ப முக்கியம். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு பிதுக்குங்க. முழங்கைக்குக் கீழ ஒரு கைக்கு அதே மாதிரி ஒன்றரைக் கோடு வேணும். பொட்டு வெச்ச மாதிரி அங்கங்க தொட்டுக்கிட்டா, விட்ட இடத்துல சரியா கடிக்கும். சன்ஸ்கிரீன் போடறதா இருந்தா அதை முதல்ல போட்டு, கால் மணி நேரம் விட்டு, அதுக்கு மேல இது.

டீட் பிளாஸ்டிக்கை இளக்கும். கண்ணாடி ஃபிரேம், வாட்ச், போன் உறை எல்லாத்துலயும் கை படறதுக்கு முன்னாடி உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிடுங்க. தூண்டில் இரையைத் தொடறதா இருந்தாலும் அப்படித்தான். பிகாரிடின்னு இன்னொரு கொசுவிரட்டி மருந்து, 20 சதவீதம் கிடைச்சா இந்தத் தொல்லை இல்லை. வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில கலந்து தடவறது அனாபிலஸுக்குக் கொஞ்ச நேரம் கேக்கும். பகல்ல வர்ற ஏடிஸுக்கு அதை நம்பி உட்காராதீங்க.

துணி வெளிர் நிறம், முழுக்கை, தொளதொளன்னு. உடம்போட ஒட்டுற லெக்கிங்ஸ், டிராக் எல்லாத்தையும் குத்தித் தள்ளும். பேன்ட் முனையை சாக்ஸுக்குள்ள செருகுங்க, பார்க்க அசிங்கம்தான். தலைவலை வாங்கினா கறுப்பு வலையா வாங்குங்க, வெளிய நல்லாத் தெரியும். அகல விளிம்புத் தொப்பிக்கு மேல போட்டாத்தான் முகத்தை விட்டு விலகி நிக்கும்.

டென்ட்ல மேல் உறையை மாசியில போடாம விட்டுடலாம், மழைக்கோ பனிக்கோ தேவைப்பட்டா இழுக்கற மாதிரி பக்கத்துல இருக்கட்டும். உறையோட மூடிப் படுத்தா வெக்கை தாங்காம ஜிப்பைத் திறப்பாங்க, கொசு உள்ள வர்ற வழியே பெரும்பாலும் அதுதான். அஞ்சு மணிக்கே டென்ட்டை அடிச்சு ஜிப்பை மூடிடணும். படுக்கை, தண்ணி, மாத்து டார்ச் எல்லாம் அப்பவே உள்ள போயிடணும். ராத்திரி நுழையறப்ப நெத்தி லைட்டை அணைச்சு, துணியைத் தட்டி, முதுகு முதல்ல உள்ள போக உட்கார்ந்து, காலை உதறி இழுத்துக்கிட்டு மூடுங்க. ஜிப் தலை ரெண்டையும் தரையோரம் விடாம மேல் மூலையில சேர்த்து வெச்சா நடுவுல இடைவெளி விழாது. வலையில ஓட்டை இருந்தா செல்லோடேப் வேர்வை ஈரத்துல உரியும், ஊசி நூலால ரெண்டு தையல் போட்டுடுங்க.

டென்ட் இல்லாம கொசுவலை கட்டறவங்க ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலையா பாருங்க. ஓரத்தைப் பாய்க்கு அடியில ஒரு முழம் செருகணும். கையோ முட்டியோ வலையை ஒட்டிக் கிடந்தா வெளியிலிருந்தே கடிக்கும், அதனால ஒற்றை ஆள் வலையில ரெண்டு பேர் வேண்டாம். மருந்து ஏத்தின வலையை ஆத்துல அலசாதீங்க, அந்த மருந்து மீனுக்கு விஷம். பக்கெட்ல அலசி, தண்ணியை ஆத்தை விட்டுத் தள்ளி மண்ணுல ஊத்தி, நிழல்ல காயப் போடுங்க.

தர்மபுரி:
ரொம்ப நன்றிங்க. அப்ப கொசுவத்தி? டென்ட்டுக்குள்ள ஒண்ணு கொளுத்தினா? தூளி மாதிரி ஹேமக் ஒண்ணும் இருக்கு.

காவேரிப்பட்டணம்:
டென்ட்டுக்குள்ள கொசுவத்தி கூடவே கூடாது தம்பி. துணி பத்திக்கும். பத்தாட்டியும் அந்தச் சின்ன இடத்துல புகையை ராத்திரி பூரா நீங்கதான் இழுக்கணும். வெளிய உட்கார்ற இடத்துல காத்து வர்ற பக்கமா ரெண்டு மூணு வெச்சுக்கலாம், திறந்தவெளியில ஒண்ணு எதுக்கும் பத்தாது. ஹேமக்ல முதுகுத் துணியைக் குத்தி அடியிலிருந்து கடிக்கும். வலை மேல மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை, முதுகுக்கு அடியில ஃபோம் பாய் ஒண்ணு போடணும்.

பாலக்கோடு:
காய்ச்சல் பக்கம் யாரும் போகலை, அதனால சொல்றேன். திரும்பி வந்து நாலு நாள்லயிருந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டெங்கு சந்தேகம். மலேரியா ஒரு வாரத்துக்கு முன்னாடி பெரும்பாலும் வராது, ஆனா ஒரு வகை மாசக்கணக்குல கழிச்சும் தலை தூக்கும். எந்தக் காய்ச்சலா இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துல "ஆத்தோரம் தங்கினேன், இன்ன தேதி, இன்ன இடம்"னு சொல்லி ரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்லுங்க. காசு கிடையாது. டெங்கு இல்லைன்னு தெரியற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிடும். உடம்புல எங்கயாவது கறுத்த பொருக்கு மாதிரி புண் இருந்தா அதையும் காட்டுங்க. அது கொசு இல்லை, புதர்ல இருக்கற சிறுபூச்சி கடிச்சு வர்ற ஸ்கிரப் டைபஸா இருக்கலாம், அதுக்கு மருந்தே வேற.

அரிப்புக்குக் குளிர்ந்த தண்ணித் துணியும் காலமைன் லோஷனும் போதும். ராத்திரி தூக்கம் கெடற அளவுக்குத் தடிச்சா பெரியவங்களுக்கு செட்ரிசின் 10 மில்லிகிராம் ஒண்ணு. போட்டுட்டா மறுநாள் காலையில மந்தமா இருக்கும், பரிசல்ல முதல் ஆளா ஏற வேண்டாம்.

தர்மபுரி:
கடைசியா ஒண்ணு. கொசு பேட் எடுத்துட்டு வரலாமா?

நாகமரை:
வாங்க. டென்ட்டுக்குள்ள நுழைஞ்சு மூடினதும் மூலை, கூரை மடிப்பு, தலையணைப் பின்பக்கம் ஒரு சுத்து வீசிட்டா உள்ள வந்த நாலஞ்சும் முடிஞ்சுது. ஸ்பிரேயோ சானிடைசரோ அடிச்ச கையோட மட்டும் அழுத்தாதீங்க, பேட்ல பொறி பறக்கும், ஆல்கஹால் ஆவி பத்திக்கும். சார்ஜ் வீட்டுலயே முழுசா ஏத்திட்டு வாங்க. அந்தக் கொல்லையில கரண்ட் கிடையாது.