சீனா ஹைஸ்கூல் பசங்களுக்கு இங்கிலீஷ் லிசனிங், ரீடிங் டெஸ்ட் வச்சேன், மார்க்க நம்ப முடியல, என்ன பண்ணலாம்?

சுஜோ டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சுஜோவுல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கறேன், வீட்டுக்காரர் வேலைக்காக வந்து அப்படியே இங்கயே இருந்துட்டோம். இப்ப எனக்கு சீனியர் ஒன் கிளாஸ், நம்ம கணக்குல பத்தாவது. யாருக்கு லிசனிங் வீக், யாருக்கு ரீடிங் வீக்னு டெர்ம் ஆரம்பத்துலயே பிரிச்சுக் குடுங்கன்னு மேல கேட்டாங்க, சரின்னு காவோகாவோ மாடல்லயே ஒரு பேப்பர் ரெடி பண்ணி வச்சேன். (தெரியாதவங்களுக்கு: காவோகாவோன்னா ஜூன் 7ல ஆரம்பிக்கற காலேஜ் என்ட்ரன்ஸ், 2024ல மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு பண்ணாங்க, அதுல இங்கிலீஷுக்கு 150 மார்க்.)

ரிசல்ட் பாத்தா தலை சுத்துது. கிளாஸ்ல நான் மெதுவா பேசினாலே முழிக்கற பசங்க சிலர் லிசனிங்ல முழு மார்க்குக்கு பக்கத்துல நிக்கறாங்க. சப்டைட்டில் இல்லாம சீரியல் பாக்கற ஒரு பொண்ணு நடுத்தரமா வாங்கியிருக்கா. ரீடிங்ல கிட்டத்தட்ட எல்லாருமே நல்ல மார்க், ஆனா பேப்பர வாங்கி வச்சுட்டு அந்த மூணாவது பத்தி எதப் பத்திப்பான்னு கேட்டா ஒருத்தனுக்கும் சொல்ல வரல. அப்ப நான் எதத்தான் அளந்தேன்? கிளாஸ்ல 45 பேர், ஒரு மணி நேரம்தான் தருவாங்க, சுவத்துல ஒரு ஸ்பீக்கர், கம்ப்யூட்டர் லேப் கிடைக்காது. இதுக்குள்ள உருப்படியா ஒரு டெஸ்ட் வைக்க வழி இருந்தா சொல்லுங்க.

முத்துநதிக்காரன்:

டீச்சர், நான் குவாங்ஜோவுல இருந்தப்ப இந்த கேள்வித்தாள் தயாரிக்கற வேலையில கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டு இருந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நீங்க லிசனிங்னு நினைச்சு வச்சதுல பாதி ரீடிங். எப்படின்னா, காவோகாவோ தேசிய பேப்பர்ல லிசனிங் 20 கேள்வி, ஒண்ணுக்கு 1.5, மொத்தம் 30 மார்க். முதல் அஞ்சும் குட்டி குட்டி உரையாடல், ஒரே ஒரு தடவைதான் ஓடும். மிச்ச 15 கேள்வி கொஞ்சம் நீளமான பேச்சு, அது ரெண்டு தடவை ஓடும். எல்லாத்துக்கும் ஏ பி சினு மூணே சாய்ஸ். இப்ப கண்ண மூடிக்கிட்டு டிக் அடிச்சாலே சராசரியா ஆறேழு சரியாகும், அதாவது 30க்கு 10 மார்க் சும்மா கைக்கு வந்துரும். இது போக முன்னாடி அறிவிப்பு ஓடும், உதாரணக் கேள்வி ஓடும், அந்த சட்டை என்ன விலைனு ஒருத்தர் கேப்பார், 19.15 பவுண்டா 9.18 பவுண்டா 9.15 பவுண்டான்னு மூணு சாய்ஸ், விடை சி, 9 பவுண்டு 15 பென்ஸ். வருஷக்கணக்கா அதே சட்டை அதே விலை, விலைவாசி ஏறாத ஒரே கடை இதுதான்னு சீன நெட்ல கிண்டலே ஓடுது. அந்த சட்டைய யாரும் காதுல வாங்கறதே இல்ல, அந்த நேரத்துல அடுத்த சாய்ஸ் எல்லாத்தையும் மளமளன்னு படிச்சு கோடு போட்டு வச்சுருவாங்க. அப்படித்தான் கோச்சிங்கே. படிச்சு முடிச்சவனுக்கு இது ஹோட்டல்ல நடக்குது, இவன் புருஷன் அவ பொண்டாட்டினு பாதி கதை ஆடியோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்.

இன்னொண்ணும் சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஆடியோவுல கேட்ட வார்த்தை அச்சு அசலா சாய்ஸ்ல இருந்தா அது பொறி, அர்த்தம் ஒண்ணா வார்த்தை வேறயா இருக்கறதுதான் பெரும்பாலும் விடை. இந்த சூட்சுமம் தெரிஞ்ச பையன் பாதி புரிஞ்சே முழு மார்க் வாங்குவான். உங்க சீரியல் பாக்கற பொண்ணுக்கு காது நல்லா இருக்கு, டெக்னிக் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

நான் பண்றதா இருந்தா இப்படி பண்ணுவேன். கேள்வித்தாளே குடுக்காம ஒரு ஒன்றரை நிமிஷ ஆடியோவ ஒரு தடவை ஓட விடுங்க, வெள்ளைப் பேப்பர்ல குறிப்பு எடுக்கட்டும். அப்பறம் கேள்விய குடுங்க, கேள்விய சீன மொழியிலயே குடுங்க, பதிலும் சீனத்துலயே ஒரு வரி எழுதட்டும், சாய்ஸே வேணாம். கடைசியா, இதுதான் முக்கியம், எழுதினத வாங்கி வச்சுட்டு அதே ஆடியோவோட எழுத்து வடிவத்த கையில குடுத்து அதே கேள்விக்கு மறுபடி பதில் எழுதச் சொல்லுங்க. படிச்சும் தெரியலன்னா அவனுக்கு வார்த்தை, இலக்கணத்துலதான் பிரச்சினை, லிசனிங் கிளாஸ் எத்தனை போட்டாலும் பிரயோஜனம் இல்ல. படிச்சா தெரியுது, கேட்டா தெரியலன்னாதான் காது பிரச்சினை. மேல இருக்கறவங்க பிரிச்சுக் கேட்டது இதத்தான, அது இந்த ரெண்டு மார்க்குக்கு நடுவுல இருக்கற இடைவெளியிலதான் தெரியும்.

கறிவேப்பிலை:

முத்துநதி சார் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா டீச்சர், நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அந்த பசங்க மூணு வருஷம் கழிச்சு உக்காரப் போறது அதே ஏ பி சி பேப்பர்லதான். லிசனிங் 30, ரீடிங் 50, குளோஸ் டெஸ்டும் (பத்தியில விட்டுப் போன வார்த்தைய நிரப்பறது) கிராமரும் சேந்து 30, ரைட்டிங் 40. மார்க் அங்கதான் இருக்கு. சாய்ஸ முன்கூட்டி படிக்கறது ஒரு திறமைதான, அத ஏன் ஏதோ திருட்டுத்தனம் மாதிரி பேசறீங்க. சீன மொழியில பதில் எழுதச் சொன்னா நாளைக்கே ஒரு அம்மா வீசாட் குரூப்ல இது என்ன இங்கிலீஷ் கிளாஸான்னு ஆரம்பிப்பாங்க, பதில் சொல்லி மாளாது. கோடிப் பேர் எழுதற பரிட்சைய மனுஷன் உக்காந்து ஒரு வரி ஒரு வரியா திருத்த முடியாதுன்னுதான சாய்ஸ் கேள்வியே வச்சாங்க.

முத்துநதிக்காரன்:

கடைசி வரி கரெக்ட், அதுல சண்டையே இல்ல. சாய்ஸ் கேள்வி, மெஷின் திருத்தம்னு ஸ்டாண்டர்ட் பண்ற சோதனை 1985ல ஆரம்பிச்சதே குவாங்டாங் மாகாணத்துலதான். ஆனா அதே குவாங்டாங் பின்னாடி என்ன பண்ணுச்சுன்னு பாருங்க, இப்ப அங்க வழக்கமான லிசனிங் கிடையாது, கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு லிசனிங் ஸ்பீக்கிங் சேத்து 20 மார்க். வீடியோவுல ஒருத்தர் பேசறத அதே ராகத்துல பேசிக் காட்டணும், கேள்வி கேட்டு பதில் வாங்கணும், ஒரு கதைய கேட்டு சொந்த வார்த்தையில திருப்பிச் சொல்லணும். பெய்ஜிங்லயும் 2021ல இருந்து லிசனிங் ஸ்பீக்கிங் கம்ப்யூட்டர்ல, 50 மார்க், ரெண்டு சான்ஸ். ஆக சாய்ஸ் மட்டும் போதாதுன்னு அவங்களுக்கே தோணிருக்கு.

அதோட டீச்சர் கேட்டது ரேங்க் லிஸ்ட் இல்ல கறிவேப்பிலை, யாருக்கு எங்க வலிக்குதுன்னு பாக்கறதுக்கு. 45 பேப்பர்தான, கோடி இல்லையே. சீனத்துல எழுதினத திருத்த அதே கிளாஸ் எடுக்கற சீன டீச்சர் யாரையாவது கூட வச்சுக்கலாம். காவோகாவோ பேப்பர் சீனியர் த்ரீயில வாரா வாரம் எழுதத்தான் போறாங்க, இப்பவே எதுக்கு.

ஹாங்ஜோ வாசி:

நடுவுல ஒரு விஷயம். டெர்ம் கடைசியில இன்னொரு டெஸ்ட் வச்சு எவ்வளவு முன்னேறியிருக்காங்கன்னு காட்டுங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க, அதுக்கு இப்பவே யோசிங்க. ரெண்டாவது பேப்பர் லேசா கஷ்டமா போயிட்டா பசங்க பின்னாடி போன மாதிரி தெரியும், லேசா ஈசியா போயிட்டா உங்களுக்கு மாலை போடுவாங்க, ரெண்டுமே பொய்.

எங்க ஜெஜியாங் மாகாணத்துல 2018ல பெரிய கலாட்டாவே ஆச்சு. இங்க இங்கிலீஷ் ரெண்டு தடவை எழுதலாம், எது அதிகமோ அது கணக்கு. அந்த நவம்பர் பேப்பர் முந்தினத விட கஷ்டமா இருந்துச்சுன்னு அதிகாரிங்களே முடிவு பண்ணி சில கேள்விக்கு மட்டும் மார்க்க ஏத்திப் போட்டுட்டாங்க, யாருக்கும் முன்கூட்டி சொல்லல. ரிசல்ட் வந்ததும் பெத்தவங்க பசங்க எல்லாம் கொதிச்சுட்டாங்க, ஏன்னா மேல இருக்கறவனுக்கு மார்க் ஏத்தறதுக்கு இடம் கம்மி, கீழ இருக்கறவன் கிடுகிடுன்னு பக்கத்துல வந்துட்டான். கடைசியில மாகாண அரசு விசாரிச்சு அந்த ஏத்தின மார்க்க ரத்து பண்ணி எழுதின மார்க்கே போதும்னு சொல்லிச்சு, கல்வித்துறை தலைவர் பதவியும் போச்சு. நோக்கம் நியாயமானதுதான், ரெண்டு பேப்பரும் ஒரே எடை இருக்கணும்ங்கறது, ஆனா பரிட்சை முடிஞ்சதுக்கப்பறம் தராச தொட்டா எவன் ஒத்துப்பான்.

உங்களுக்கு அவ்வளவு தலைவலி வேணாம், ரெண்டு டெஸ்ட்லயும் ஒரு ஆடியோவும் ஒரு பத்தியும் அதேதா இருக்கட்டும், மிச்சத்த மாத்துங்க. அந்த பொதுவான பகுதிய வச்சு மத்தத ஒப்பிட்டுக்கலாம். ஆனா அந்த ஒண்ண கிளாஸ்ல டிஸ்கஸ் பண்ணிராதீங்க, பேப்பரையும் திருப்பிக் குடுக்காதீங்க, குடுத்தா அன்னைக்கு ராத்திரியே போட்டோ பிடிச்சு குரூப்ல போட்ருவாங்க.

சுஜோ டீச்சர்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கறிவேப்பிலை சொன்ன அந்த வீசாட் அம்மா எங்க குரூப்லயும் இருக்காங்க, நிஜமாவே பயமாத்தான் இருக்கு. ஆனா கிளாஸ்ல பாதிப் பேர் வெளிநாடு போறவங்க, காவோகாவோ எழுதவே மாட்டாங்க, அத சொல்லி சமாளிச்சுக்கலாம்.

ரீடிங்க என்ன பண்றது? ஏ பி சி டினு நாலு பத்தி, அப்பறம் அந்த அஞ்சு கோடிட்ட இடத்துக்கு ஏழு வாக்கியம் குடுத்து பொறுக்கச் சொல்றது, அப்படியே அந்த மாடல்தான் வச்சேன், பழைய பேப்பர்லருந்து ரெண்டு பத்தி எடுத்தேன்.

முத்துநதிக்காரன்:

பழைய பேப்பர்லருந்து எடுத்தீங்களா, போச்சு. சீனாவுல பழைய காவோகாவோ பேப்பர் எல்லாம் தொகுப்பு புக்கா கடையில குவிஞ்சு கெடக்கும், ஜூனியர் முடிச்ச லீவுலயே சில பேர் அதப் போட்டு முடிச்சிருப்பாங்க. பத்திய பாத்ததும் விடை ஞாபகம் வந்துரும்.

ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க, சிரிப்பா இருக்கும். பத்தியக் குடுக்காம வெறும் கேள்வியும் சாய்ஸும் மட்டும் வேற கிளாஸ்ல பத்து பேர்கிட்ட குடுங்க. பத்திய படிக்காமலே எந்தக் கேள்விக்கு நிறைய பேர் சரியா போடறாங்களோ அந்தக் கேள்விய தூக்கிக் குப்பையில போடுங்க. பிளாஸ்டிக் கடலுக்கு நல்லதா கெட்டதான்னு கேட்டா படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா என்ன.

அப்பறம் பத்தி புரிஞ்சுதான்னு பாக்க சுருக்கத்த சீனத்துல ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. அங்க பசங்க படிக்கற முறையே வேற. முதல்ல கேள்வி, அதுல ஒரு பேரு இல்ல ஒரு நம்பரு, அத பத்தியில தேடி அந்த வரிய மட்டும் படிக்கறது. 120 நிமிஷத்துல மொத்த பேப்பரும் முடிக்கணும், அவங்கள குத்தம் சொல்ல முடியாது. அதனாலதான் எதப் பத்திப்பான்னு நீங்க கேட்டதும் வாய் அடைச்சுப் போச்சு. வார்த்தை எல்லாம் தெரிஞ்சிருக்கும், கரிக்குலம் கேக்கறது 3000 சொச்சம்தான், ஆனா 3500னு லிஸ்ட் வச்சுக்கிட்டு அகர வரிசையில உருப்போடுவாங்க, அபேண்டன்ல (கைவிடறதுன்னு அர்த்தம்) ஆரம்பிச்சு அங்கயே அபேண்டன் பண்ணிட்டுப் போறவங்களும் உண்டு. ஒவ்வொரு வார்த்தையும் தெரிஞ்சு வாக்கியம் தெரியாம நிக்கறதுங்கறது அங்க சர்வ சாதாரணம்.

பருத்தித்துறை பெடியன்:

நானும் ரெண்டு வரி சொல்லலாமோ. ஷாங்காயில பொடியளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தனான். லிசனிங்ல அவையளுக்கு எங்க பிடிபடாது எண்டா சொல்லின்ர கடைசியில. சீனத்தில அசை முடியிறது உயிர் எழுத்தில, இல்லாட்டி ன், ங் மாதிரி ஒலியில, வேற மெய்யெழுத்துல முடியிறது இல்லை எண்டே சொல்லலாம். அதால வொர்க் எண்டாலும் வொர்க்ட் எண்டாலும் காதுக்கு ஒண்டுதான், நேற்றோ இண்டைக்கோ எண்டு விளங்காது. கண்ணால வாசிச்சா உடன பிடிச்சிடுவினம்.

மற்றது எண். அவையள் பத்தாயிரம் பத்தாயிரமா எண்ணுறவை, வான் எண்டு சொல்லுவினம். 1,20,000 எண்டது அவையளுக்கு 12 வான், எங்களுக்கு 1.2 லட்சம், இங்கிலீஷ்காரனுக்கு 120 ஆயிரம். கேட்டு மனசுக்குள்ள மாத்தி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வசனம் போயிடும். அது கணக்குப் பிரச்சினை, லிசனிங் பிரச்சினை இல்லை. வேணுமெண்டா பெரிய எண்ணுகள தனிய ஒரு பகுதியா வைச்சுப் பாருங்கோ, மற்ற கேள்விக்குள்ள கலக்காதையுங்கோ. டிக்டேஷனும் வையுங்கோ டீச்சர், ஏழெட்டுச் சொல்லு வாற சின்ன வசனம், பத்துப் பதினைஞ்சு போதும், எந்த ஒலி தப்புது எண்டு அப்பிடியே பேப்பரில தெரியும்.

ஸ்பீக்கர் எந்தச் சுவரில இருக்கு எண்டும் பாருங்கோ. காவோகாவோ நாளில பரீட்சை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஹாரன் அடிக்க விடமாட்டினம், கட்டட வேலைய நிப்பாட்டுவினம், லிசனிங் நேரத்துக்கு அவ்வளவு மரியாதை. நீங்க வைச்ச அண்டைக்கு பின் வாங்கில இருந்தவைக்கு என்ன கேட்டுதோ.

சுஜோ டீச்சர்:

ஐயோ அந்த ஸ்பீக்கர் கரும்பலகைக்கு மேலதான் இருக்கு, பின்னாடி ரெண்டு வரிசையில உக்காந்தவங்க மார்க்க தனியா எடுத்துப் பாக்கறேன் அப்ப.

டிக்டேஷன் 10 நிமிஷம், கேள்வி இல்லாம ஆடியோ கேட்டு எழுதறது, அப்பறம் அதையே படிச்சு எழுதறது, அப்பறம் ஒரே ஒரு புது பத்தி சுருக்கத்தோட. ஒரு மணி நேரத்துல அடங்குமா முத்துநதி சார்?

முத்துநதிக்காரன்:

ரெண்டு ஆடியோவுக்கு மேல போகாதீங்க, அடங்கும். முதல்ல ஒரு அஞ்சாறு பசங்கள வச்சு ஓட்டிப் பாத்து நேரத்த குறிச்சுக்கோங்க. பேப்பர சேகரிக்கறதுக்கே அஞ்சு நிமிஷம் போயிரும், அத கணக்குல சேத்துக்கோங்க.

கறிவேப்பிலை:

வைங்க வைங்க. பெத்தவங்களுக்கு அனுப்பற ரிப்போர்ட்ல மட்டும் எதுக்கும் 150க்கு இவ்வளவுன்னு ஒரு நம்பர் போட்டு வைங்க, அது இல்லாம விட மாட்டாங்க.